ஆசீர்வாதம் மட்டும் போதும்

புனேயில் "டீ குடிக்கிறீர்களா?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்பார்கள். நம்மூர்ப் பழக்கத்தில் "ஐயோ, எதுக்குங்க" என்று இழுத்தால் போச்சு, டீ வராது. வந்த புதிதில் பல வீடுகளிலிருந்து இப்படித் தொண்டை காய்ந்து திரும்பியிருக்கிறேன். திருநெல்வேலியில் எங்கள் வீட்டில் வேண்டாம் என்பவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்து இலை போடுவோம். சாப்பிடாமல் கிளம்பினால் மனஸ்தாபம்தான். அந்தக் குணத்தையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் புனேயின் கோர்படிப் பகுதிக்குக் குடிவந்தோம். அதுவே ஒருநாள் என் மகளின் நாடகத்துக்கு உலை வைக்கப் பார்த்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. மகள் கவிதா ஒரு சின்ன மராத்தி நாடகக் குழுவில் இருந்தாள். தமிழில் தட்டுத்தடுமாறுகிறவள் மராத்தியில் வெளுத்து வாங்குவாள். முதல்முறையாக அவளுக்கு முக்கிய வேஷம் கிடைத்த நேரம் பார்த்து, அரங்க வாடகைக்குக் குழுவிடம் பணமில்லை. யார் வீட்டிலாவது விருந்து வைத்து, வருகிறவர்களிடம் நன்கொடை வாங்கலாம் என்றார் இயக்குநர் மேதாதாயி. அங்கே தாயி என்றால் அக்கா. "எங்க வீட்டுலயே வைங்க" என்று நான் முந்திக்கொண்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாழையிலைக்கு மார்க்கெட் மார்க்கெட்டாக அலைந்து, சொதியும் இஞ்சித் துவையலுமாக மொட்டைமாடியில் பந்தி போட்டேன். மேதாதாயி வாசலில் நன்கொடைப் பெட்டி வைத்தார். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்ததும் தூக்கிக்கொண்டுபோய்ப் பரணில் போட்டுவிட்டார்.

"சாப்புட வந்தவங்ககிட்ட உண்டியல நீட்டவா? மானம் போயிரும்."

"அதுக்குத்தாங்க கூப்பிட்டிருக்கு!"

காதிலேயே வாங்கவில்லை. கை கழுவிவிட்டு வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சட்டைப்பையிலிருந்து கவரை எடுத்தார். இவர் கும்பிட்டபடி, தன் இந்தியில், "உங்கள் ஆசீர்வாதம் மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டார். கல்யாண வீட்டு நினைப்பு! வாத்தியார் குழம்பிப்போய்க் கவரைத் திரும்பப் பையில் வைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். விடுவேனா நான்? மிச்சமிருந்த புளியோதரையை எவர்சில்வர் டப்பாக்களில் போட்டு ஆளுக்கொன்று கொடுத்தும் அனுப்பினேன். எல்லோரும் போனபிறகு மேதாதாயி இலைகளை எடுத்தார். கவிதா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இவரையே தூக்கிப் பரணில் போட்டிருப்பேன்.

மறுநாள் காலையில் மணியடித்தது. வாசலில் வாத்தியாரின் மனைவி. டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே வரச் சொன்னதற்கு மாட்டேன் என்று போய்விட்டார். திறந்தால் ஒரு பிடி சர்க்கரை, மேலே அந்தக் கவர். அன்றும் அடுத்த நாளும் டப்பாக்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடலைமாவு லட்டு, சிவ்டா மிக்சர், கூடவே மறக்காமல் ஒரு கவர்.

"பாத்திரத்த வெறுமனே திருப்பிக் குடுக்கக்கூடாதுன்னு இவங்களுக்கும் உண்டா!" என்று வாயைப் பிளந்தார் இவர். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, "நாம யார்கிட்டயும் கை நீட்டல, பாத்துக்கோ" என்றார். சிரிக்காமல் என்ன செய்வது?

அரங்கம் கிடைத்தது. முதல் காட்சியன்று கவிதா ஒன்பது கெஜப் புடவையில் மேடைக்கு வந்து பேசப் பேசக் கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனாலும் கண் நிறைந்துவிட்டது. பக்கத்து இருக்கைப் பெரியவர் இவரிடம், "அருமையாகப் பேசுகிறாளே, எந்த ஊர்ப் பெண்?" என்று மராத்தியில் கேட்டார்.

ஊர் எது என்று யார் கேட்டாலும் திருநெல்வேலி என்பதைத் தவிர வேறு சொல்லாத மனுஷன், நெஞ்சை நிமிர்த்தி, "கோர்படி. என் மகள்தான்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து இருட்டில் என் பக்கம் குனிந்து, "தப்பாச் சொல்லிட்டனோ?" என்று கேட்டார்.