படக்குறிப்பு இல்லாத படம்

கடலூரில் ஒரு சின்ன செய்தி இணையதளத்தில் எனக்கு புரோகிராமர் வேலை. சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ். நிருபர்கள் எடிட்டர் என்ற படிவத்தில் கட்டம் கட்டமாக எழுதும் செய்தியைத் தலைப்பு, படம், படக்குறிப்பு என்று பிரித்துப் பக்கத்தில் வைக்கும் புரோகிராமை என் சீனியர் எழுதியிருந்தார். நிருபர் படக்குறிப்பு எழுதாமல் விட்டால் அந்தக் கட்டமே எங்களுக்கு வந்து சேராது. அப்போது மேலே இருக்கும் படத்தின் குறிப்பை எடுத்து ஒட்டிவிடும்படி அவர் செய்துவைத்திருந்தார். இது வம்பில் முடியும் என்று சொன்னேன். பக்கம் மொட்டையாக இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று என் வாயை அடைத்துவிட்டார்.

ஒருநாள் தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர் வலை பிரிக்கும் படம் குறிப்பில்லாமல் வந்தது. அதற்கு மேலே ஒரு மரண அறிவிப்பு. மீனவர் படத்துக்கடியிலும் 'கண்ணீர் அஞ்சலி' ஏறிவிட்டது. மதியத்துக்குள் அவர் மனைவி ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"எம் புருஷன் ஊட்ல உக்காந்து சோறு துன்னுட்டு இருக்காரு. அவருக்குப் போயி அஞ்சலி போட்டிருக்கீங்களே, நீங்கள்லாம் நல்லா இருப்பீங்களா?"

முதலாளி சீனியரைப் பார்த்தார். சீனியர் கூசாமல் என்னைக் கைகாட்டினார். அந்த அம்மாவின் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டவள் நான். செய்தவளே சரிசெய்யட்டும் என்று முதலாளி அந்த வேலையையும் என் தலையில் கட்டினார். அதன்பிறகு என் முகம் பார்த்து அவர் பேசவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இந்த சீனியரைச் சும்மா விடுவதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவுசெய்தேன்.

புரோகிராமைத் திறந்ததும் வழி கிடைத்தது. தளத்தின் அடியில் 'உருவாக்கம்' என்று சீனியர் பெயர் வரும். அதை யாருமே எடிட்டரில் எழுதியதில்லை. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் தன் பெயரைப் போடும்படி அவரே எழுதிவைத்திருந்தார். தளம் முழுக்க நான் ஒரே விதி வைத்தேன்: வராத கட்டத்துக்கு எதையும் போடாதே. அதை அவருக்கே அனுப்பினேன். படிக்காமல் ஓகே சொன்னார்.

ஆயுத பூஜைக்கு சீனியர் தன் மச்சானை ஆபீசுக்குக் கூட்டிவந்திருந்தார். பொரியைக் கொறித்தபடி, தன் பெயரைக் காட்டத் தளத்தை அடிவரை இறக்கினார். பெயர் இல்லை. என்னைத் தனியே அழைத்தார்.

"ஏம்மா, எம் பேரு எங்க போச்சு?"

"அந்தக் கட்டத்துல யாரும் எழுதல சார்."

எழுதலாம், ஆனால் அதற்கு முதலாளியின் லாகின் வேண்டும். இத்தனை நாள் எழுதாமலே பெயர் எப்படி வந்தது என்று அவர் கேட்பார். காலிக் கட்டத்தையெல்லாம் நிரப்பியது யாருடைய புரோகிராம் என்று அப்போது சொல்லியாக வேண்டும். சீனியரின் முகம் வெளிறியது. பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது.

"போயி கேளுங்க சார்" என்றேன். "முதலாளி உள்ளதான் இருக்காரு."