அச்சங்குளத்தில் நட்ட கம்பம்

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு சித்திரை மாதம், அச்சங்குளத்துப் பக்கம் ஒரு தரிசில் பத்து மீட்டர் இரும்புக் கம்பம் நட்டேன். அப்போது நான் ஆராய்ச்சி மாணவி. காயும் தரையிலிருந்து எவ்வளவு வெப்பம் மேலேறுகிறது, வீசும் காற்றின் வேகத்தைத் தரை எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்று அளப்பது என் வேலை. அதற்கான கருவி கம்பத்தின் உச்சியில் இருந்தது. நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கியிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. அங்கே யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

அந்தக் கம்பெனிக்கு வேலைக்கு வரும் பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். ஒருத்தி நிறைகுடத்தை என் முன்னாலேயே தரையில் கவிழ்த்தாள். ஐந்தாம் நாள், கம்பத்தை இழுத்துக் கட்டியிருந்த கம்பிகளில் ஒன்றை யாரோ தளர்த்தியிருந்தார்கள். கம்பம் சாய்ந்து, அன்றைய அளவெல்லாம் வீணானது. முட்டாள் ஜனங்கள் என்று மனதுக்குள் திட்டினேன்.

எட்டாம் நாள் மத்தியானம் மேற்கே வானம் கறுத்தது. கம்பெனியில் வேலையை நிறுத்திவிட்டார்கள். இருபது பேர் வேலி தாண்டி வந்து என்னைச் சூழ்ந்தார்கள். முன்னால் நின்றவளுக்கு நாற்பது வயதிருக்கும். முழங்கை வரை அலுமினியத் தூள்.

"இத இப்பவே எறக்குங்க."

"எர்த் போட்டிருக்கேன். இடி விழுந்தாலும் மண்ணுக்குள்ள போயிரும்."

"எம்புட்டு ஆழம் போட்டிருக்கீக?"

முழங்கால் ஆழம். அந்த வறண்ட மண்ணில் அது போதாது என்று எனக்குத் தெரியும்.

"எம் புருசன் இடி விழுந்துதான் செத்தாரு. மருந்து கலக்குற செட்டோட போயிட்டாரு. இங்கன இதக் கொண்டாந்து நட்டீகளே, எங்கள ஒரு வார்த்த கேட்டீகளா?"

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "ஏலே, கம்பிய அத்து விடுலே!"

"விழுந்தா நம்ம செட்டு மேலதான் விழும். சும்மா இரு" என்று அவனை அதட்டினாள்.

ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் திருகுகளைக் கழற்றினேன். கம்பம் தரையைத் தொட்டபோது கருவியின் ஒரு கை வளைந்தது. யாரோ சிரித்தார்கள். அவர்கள் முன் அழக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இனிமே இந்தப் பக்கம் வராதீக" என்றாள் அவள்.

கருவியைப் பழுதுபார்த்து, மல்லாங்கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரி நிலத்தில் நட்டு, அளவெடுத்துப் பட்டமும் வாங்கினேன். இடம் மாற்றியதற்குக் காரணம் 'தொழில்நுட்பச் சிக்கல்' என்று ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன். 'எங்கள ஒரு வார்த்த கேட்டீகளா' என்று அவள் கேட்டது அதில் எங்கும் இல்லை.