இத்தா முடியும்வரை ஓர் அத்தர் போத்தல்

பழைய சென்ட் போத்தல் சேர்க்கிறேன் என்று சொன்னால் ஆட்கள் முதலில் என் பக்கம் மூக்கை நீட்டுகிறார்கள், ஏதாவது வாசம் வருகிறதா என்று. வராது. சென்ட் பூசினால் எனக்குத் தும்மல்தான் வரும். அரச வைத்தியசாலை மருந்தகத்தில் மருந்து கொடுக்கிற வேலை எனக்கு. நாள் முழுக்க இருமல் பாணி மணத்தோடு நிற்கிறவளுக்கு வேறு வாசம் எதற்கு? எனக்குப் பிடித்தது போத்தல். ஒன்றைக் கையில் எடுத்தால் இந்தக் கண்ணாடியை எங்கே ஊதிச் செய்தார்கள், யார் வாங்கினார்கள், எந்தக் கப்பலில் வந்தது, கடைசியில் ஏன் குப்பையில் போட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். பதில் சொல்ல ஆளில்லாததால் கணவரிடம் கேட்பேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார்.

திருகோணமலையில் பழைய போத்தலுக்குக் குறைவில்லை. வெள்ளைக்காரரின் கடற்படை கிடந்த ஊர். துறைமுகத்தை ஒட்டிய பழைய வளவுகளில் குழி வெட்டினால் மருந்துப் போத்தல், மைப் போத்தல், குண்டுச் சோடாப் போத்தல் எல்லாம் வரும். இடைக்கிடை ஒரு சென்ட் போத்தலும் வரும். குழி வெட்டுகிறவர்கள் என்னைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நான் போத்தலை வெளிச்சத்தில் பிடித்து, பக்கவாட்டில் வார்ப்பு அச்சு விட்ட கோட்டைத் தேடுவேன். கோடு வாய்வரை போனால் இயந்திரம் செய்தது. கழுத்தோடு நின்றால் வாயை யாரோ கையால் முடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கழுத்தோடு நின்றால் எனக்கு அன்று சாப்பாடு வேண்டாம்.

மூடிகள் அதைவிடச் சுவாரசியம். அந்தக் காலத்து நல்ல சென்ட் போத்தலுக்குத் திருகுமூடி இல்லை. கண்ணாடி மூடியைப் போத்தலின் கழுத்துக்குள் வைத்து, அரைக்கிற தூள் போட்டு, காற்றுப் புகாதபடி தேய்த்துத் தேய்த்துப் பொருத்தியிருப்பார்கள். அதனால் ஒரு போத்தலின் மூடி இன்னொன்றுக்குச் சரிவராது. என்னிடம் மூடியில்லாத போத்தல்களும் போத்தலில்லாத மூடிகளும் நிறைய உண்டு. ஒன்றுக்கொன்று சேராது.

கிண்ணியாவில் எனக்கு ஒரு ராத்தா இருக்கிறார். அங்கே முஸ்லிம்கள் அக்காவை அப்படிக் கூப்பிடுவார்கள். ஓய்வு பெறும்வரை என்னோடு அதே மருந்தகத்தில் வேலை செய்தவர். அவருடைய கணவருக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. ஒருமுறை இறங்குதுறை திருத்தும்போது சேற்றுக்குள் ஒரு சென்ட் போத்தல் அவருக்குக் கிடைத்தது. தட்டையான உடம்பு, கழுத்தோடு நின்ற கோடு, பூப்போல வெட்டிய மூடி, அதுவும் உடையாமல். அதைக் கழுவித் தன் அத்தரை ஊற்றி வைத்துக்கொண்டார். பார்த்த அன்றே நான் கேட்டுவிட்டேன்.

"போத்தலத் தரலாம் தங்கச்சி, உள்ளுக்கிருக்கிறத எங்க கொண்டு போய்க் கொட்டுற?" என்று சிரித்தார்.

கேட்ட கேள்வி நியாயமானது. அதற்குப் பிறகு அவர் அந்தப் போத்தலைக் கழுவியதே இல்லை. ஒவ்வொரு வெள்ளியும் பள்ளிவாசலுக்குப் போகமுன் காதுக்குப் பின்னாலும் கொலரிலும் பூசுவார். குறைந்தால் கிடைக்கிற அத்தரை அதற்குமேல் ஊற்றுவார். ரோஜா, சந்தனம், யாரோ சவூதியிலிருந்து கொண்டுவந்த ஊத் என்கிற அகில், பெருநாளுக்கு வாங்கிய மல்லிகை. ஒன்று முடியமுன் இன்னொன்று. இத்தனை வருடத்து அத்தர் அந்தப் போத்தலுக்குள் ஒன்றோடொன்று சேர்ந்து கிடந்தது. எந்தக் கடைக்காரனிடம் கேட்டாலும் அந்த மணம் கிடைக்காது. அவர் பக்கத்தில் கடந்து போகும்போது எனக்கு ரோஜா தெரியும், பிறகு நனைந்த மரம் மாதிரி ஒன்று. அதற்கு மேல் பிடிபடாது.

போன வருடம் அவர் திடீரென்று மௌத்தாகிவிட்டார். அடக்கம் முடிந்து சில நாளில் ராத்தா போன் எடுத்தார்.

"தங்கச்சி, ஒருக்கா வந்துட்டுப் போங்க. போத்தல் விசயம்."

போனேன். ராத்தா வெள்ளை உடுத்து அறைக்குள் இருந்தார். கணவன் இறந்தால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வீட்டை விட்டுப் போகக்கூடாது, நகை கூடாது, மணம் பூசவே கூடாது. அவர் அலுமாரியைத் திறந்து போத்தலை எடுத்தார். மூடியைக் காணவில்லை. வாயில் சொப்பிங் பையைச் சுற்றி றப்பர் வளையம் போட்டிருந்தது. அடியில் ஒரு விரல் அகலத்துக்குத்தான் அத்தர்.

"கபனுக்குப் பூச இவர்ர அத்தரத்தான் எடுத்தாங்க," என்றார். கபன் என்பது இறந்தவரின் உடலைச் சுற்றும் வெள்ளைத் துணி. "நல்லதுதானே, அவர்ர மணத்தோடயே போகட்டுமெண்டு செஞ்சது. ஆனா ஊத்தின ஊத்துல முடிஞ்சி போச்சி. மூடியும் அந்தச் சனத்துக்குள்ள எங்க போச்செண்டு தெரியா. அவர்ர உடுப்பெல்லாம் சொந்தக்காரப் பொம்புளைகள் கழுவிக் குடுத்துட்டாங்க, எனக்கு உதவியெண்டு. இப்ப மிச்சம் இதுதான். இத்தா முடியிறதுக்குள்ள இதுவும் காஞ்சி போனா நான் என்ன செய்ற?"

"மணந்து பாத்தீங்களா, ராத்தா?"

"இல்ல. பூசக்கூடாதெண்டு தெரியும். மணந்து பாக்கலாமா எண்டு நான் ஒருத்தருக்கிட்டயும் கேக்கல்ல. கேட்டு, கூடாதெண்டு சொல்லிட்டாங்கண்டா?"

வேறு சின்னப் போத்தலுக்கு மாற்றுவோமா என்று கேட்டேன். மாற்றினால் பாதி இதிலேயே ஒட்டிக்கொள்ளும் என்றார். மருந்தகத்தில் எண்ணெய் மருந்து ஊற்றிப் பழகிய இரண்டு பேருக்கும் அது தெரியும். ஒரு மூடி தேடிப் பொருத்தி, இத்தா முடியும்வரை போத்தலை நான் கொண்டுபோய் வைத்திருப்பது என்று முடிவானது.

கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும் பஸ்ஸில் போத்தலை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி இருந்தேன். பக்கத்தில் இருந்த மனுசன் மூக்கை உறிஞ்சி, "நல்ல அத்தர்," என்றார். திரும்பவும் உறிஞ்சினார். எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் ராத்தாவின் கணக்கில் குறைவது போல இருந்தது. கைக்குட்டையை எடுத்து மேலே போட்டேன்.

அத்தர் எண்ணெய். சென்ட் போல ஒரேயடியாகப் பறந்துவிடாது. ஆனால் எங்கள் ஊர் வெக்கையில் வாய் திறந்து கிடந்தால் முதலில் பூ மணம் போகும், பிறகு மற்றவை. வீட்டிலிருந்த மூடிகளையெல்லாம் மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. ஒன்று மட்டும் உள்ளே போய் ஆடியது. தேய்த்துப் பொருத்தலாம், ஆனால் தூள் அத்தருக்குள் விழும். கடைசியில் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை ரேப் நாடாவை அந்த மூடியின் தண்டில் சுற்றி இறுக்கி, கழுத்தை நூலால் கட்டி, கறுப்புத் துணியில் பொதிந்து பிரிட்ஜின் அடித்தட்டில் வைத்தேன்.

இரண்டாம் நாள் கணவர் தயிர்ச் சட்டியோடு வந்தார்.

"தயிருக்கு ஆர் சென்ட் அடிச்சது?"

இன்னும் நாலு சுற்று ரேப் சுற்றினேன்.

உண்மையைச் சொன்னால், கஷ்டப்பட்டது மூடி வைக்க அல்ல, திறக்காமல் இருக்க. பாரமான மணம்தான் அடியில் தங்கும். அப்படியானால் அவர் முதன்முதலில் ஊற்றிய அத்தர் அதற்குள் இன்னும் இருக்குமா? அந்த நனைந்த மரம் ஊத்தா, வேறு ஏதாவதா? போத்தல் சேற்றில் விழமுன் அதற்குள் இருந்த சென்ட் கண்ணாடியில் கொஞ்சமாவது ஒட்டியிருந்திருக்குமா? ஒருமுறை, ஒரே ஒருமுறை நூலை அவிழ்த்தால் என்ன? பிரிட்ஜைத் திறப்பேன், துணியை விலக்கி மட்டம் குறையவில்லை என்று பார்ப்பேன், மூடிவிடுவேன். பத்தியம் இருக்கிறவள் பலகாரக் கடையைத் தாண்டிப் போவது போலத்தான் அந்த மாதங்கள் போயின.

இத்தா முடிந்த மறுநாள் லீவு போட்டுக் கொண்டு போனேன். ராத்தா குளித்து, பச்சைச் சேலை உடுத்து, கதிரையில் காத்துக்கொண்டிருந்தார். அவருடைய மகனும் நின்றார். தகப்பனைப் போலவே துறைமுகத்தில் வேலை, முப்பது தாண்டிய ஆள். நான் நூலை அவிழ்த்து மூடியை எடுத்தேன். ராத்தா மூடியின் நுனியை மணிக்கட்டில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் மணந்தார்.

"நல்ல மணம்," என்றார், கடையில் புடவை பார்க்கிறவரைப் போல. பிறகு கையை இறக்கினார். "இது அவரில்ல, தங்கச்சி."

என் பிரிட்ஜ் கெடுத்துவிட்டதோ என்று நானும் மணந்து பார்த்தேன். ரோஜா இருந்தது, நனைந்த மரமும் இருந்தது, ஒன்றும் போகவில்லை. "கெடல்ல ராத்தா, எல்லாம் அப்பிடியே இருக்கு," என்றேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"மகன், இங்க வாங்க. குனிங்க."

காதுக்குப் பின்னாலும் கொலரிலும் தன் கணவர் பூசுவது போலவே பூசிவிட்டு, கழுத்தருகே மணந்தார். இல்லை என்று தலையை ஆட்டினார்.

"கடைக்குப் போய் ஒரு தேங்கா வாங்கிட்டு வாங்க. சைக்கிள்ல போங்க, மோட்டர் சைக்கிள் வேணாம்."

நல்ல உச்சி வெயில். குசினியில் மூன்று தேங்காய் கிடந்ததை வரும்போதே நான் கண்டிருந்தேன். மகனும் கண்டிருப்பார். "உம்மா, வீட்டில..." என்று தொடங்கினார்.

"போங்க," என்றார் ராத்தா.

அவர் போனார். ராத்தா வாசலையே பார்த்தபடி இருந்தார். வெயிலில் சைக்கிள் மிதித்து அவர் திரும்பியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, கழுத்தில் வியர்வை வழிந்தது. ராத்தா எழும்பிப் போய் மகனின் கொலரை இரண்டு கையாலும் பிடித்து அதற்குள் முகத்தைப் புதைத்தார்.

"ஓம், இதுதான்," என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மகன் தேங்காயைக் கையில் பிடித்தபடி, முதுகு வளைந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"உம்மா..." என்றார் மெதுவாக.

"கதைக்காதீங்க," என்றார் ராத்தா. "கொஞ்சம் சும்மா நில்லுங்க."