கூரைமேல் வலை

மத்தியானம் முழுக்கக் கச்சான் காற்று நெருப்பாய் வீசியது. பொழுது சாயும் முன் வெல்லாவெளிப் பக்கம் வானம் கறுத்தது. ஆற்றைத் தாண்டி இடி வந்தது, இடிக்குப் பின்னால் காற்று வந்தது, காற்று எங்கள் கூரைத் தகரங்களைக் கடதாசி போலக் கழற்றிக்கொண்டு போனது. பறந்த தகரம் ஒன்று என் தோளைக் கிழித்தது. கிளம்பப் பார்த்த கூரை வளை மரத்தை எட்டித் தொங்கிப் பிடித்த என் மனுசன், வளையோடேயே கீழே வந்து காலை முறித்துக்கொண்டார். பத்திரிகையில் இதற்கு மினி சூறாவளி என்று போட்டார்கள். மினியாம்! வந்து என் தோளில் தையலைப் பார்க்கட்டும்.

ஆசுபத்திரியிலிருந்து இவரைக் கொண்டுவந்து, வானம் தெரியும் அறையில் கட்டிலில் கிடத்தியிருந்தேன். கடப்படி வாசலில் ஓட்டோ வந்து நின்றது. இறங்கியவர் பெரியகல்லாற்றில் இருக்கும் இவருடைய அக்கா.

"தம்பி, எழும்பு. மழைக்க நனையவா கிடக்காய்? எங்கட வீட்ட போவம்."

"முதல்ல தேத்தண்ணி குடிங்க மச்சாள்," என்றேன்.

"தேத்தண்ணிக்குள்ள மழை விழுமே கா!"

"விழுந்தா இன்னொரு கோப்பை கூடும்."

மச்சாள் சிரிக்கவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். இது என் அம்மா எனக்குத் தந்தது, நாளை என் மகளுக்கு. கலியாணம் முடித்த அன்று ஒரு பெட்டியும் ஒரு வலையுமாக இங்கே வந்தவர் இவர். அப்படி வந்த ஆண் அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போனால், அவளை விட்டுட்டுப் போயிட்டான் என்றுதான் ஊர் சொல்லும். தகரம் போனால் தகரம் வாங்கலாம். அந்தப் பேச்சை எந்தக் கூரை தடுக்கும்?

"கால் சுகமாகட்டும், மறுகா வரட்டும்," என்று மச்சாள் கொஞ்சம் இறங்கினார்.

"அவர் இங்கதான் இரிப்பார். நனைஞ்சா ரெண்டு பேரும் நனைவம்."

"உனக்குத் தலைக்கனம் கா. கூரை போயும் அது போகல்ல."

"காத்து அதையும் தூக்கிப் பாத்திரிக்கும். பாரமெண்டு விட்டுட்டுப் போயிட்டு."

ஓட்டோ உறுமிக்கொண்டே நின்றது. நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. இருங்கள் என்று கேட்கவும் மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், தோள் கொதித்தது.

இவர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "அக்கா, ஓட்டோவ அனுப்பிராதீங்க. கடைக்குப் போய்க் கயிறு வாங்கி வரட்டும், நல்ல தடிச்ச கயிறு. மழைக்கு முதல் படங்கு கட்ட வேணும்."

மச்சாள் வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தார், என்னைப் பற்றித்தான். பிறகு சேலையை இழுத்துச் செருகினார். கயிறோடு வந்த ஓட்டோக்காரர் கேளாமலே சுவரில் ஏறினார். வீட்டில் கிடந்த தார்ப்பாய்ப் படங்கை விரித்து, காற்று பிடுங்காமல் இருக்க அதன்மேல் இவருடைய பழைய வலையைப் போர்த்தினோம். கட்டிலில் இருந்தபடியே இவர் ஒவ்வொரு முடிச்சுக்கும் அதட்டல் போட்டார். ஒரு பக்கம் ஒற்றைக் கையால் நான், மறுபக்கம் மச்சாள்.

"இறுக்கிப் பிடி கா! கூரைய விட்டாய், இதையும் விட்டுராத!" என்று மச்சாள் கத்தினார்.

ஆற்றுக்கு அப்பால் மறுபடி இடித்தது. கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.