அளவு போடாத வாய்க்கால்

போன வருடம் கோடை விடுமுறையில் தஞ்சாவூரில் தொடங்கி, திருவாரூர் பக்கம் உள்ள எங்கள் ஊர் மோட்டார் கொட்டகை வாசலில் முடிந்த சம்பவம் இது. எனக்கு எதையும் வரிசைப்படுத்தினால்தான் சொல்ல வரும். ஆகவே முதலில் வரிசை:

1. பிராஜெக்ட் வரைபடத்தைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுக்கத் தஞ்சாவூர் போனேன்.
2. கடையில் கரண்ட் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வரச் சொன்னார்கள்.
3. பக்கத்து மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது. ஜெனரேட்டர் ஓடினால் மின்விசிறியும் ஓடும் என்று உள்ளே போனேன். அங்கே ஓவியக் கண்காட்சி.
4. பிரிண்ட் எடுக்காமலே ஊர் திரும்பினேன்.
5. எங்கள் ஊர் வாய்க்காலை ஆகாயத்தில் ஏற்றினேன்.
6. ஊர் கூடிவிட்டது.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் அப்போது சிவில் இன்ஜினீயரிங் கடைசி வருடத்துக்குப் போகவிருந்தேன். வரைவது எனக்குப் புதிதல்ல. தூண், உத்தரம், படிக்கட்டு, மதகு எல்லாம் வரைவேன். ஆனால் நான் வரைந்தவை எல்லாம் ஏற்கெனவே இருப்பவை, இல்லையென்றால் இனிமேல் கட்டப்போகிறவை. கண்காட்சியில் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்தேன். எதிரே ஒரு பெரிய படம். கொடியில் துணி காயப்போடுவதுபோல ஒரு நெல்வயலை இரண்டாக மடித்துக் காயப்போட்டிருந்தார்கள். வரப்புதான் புடவையின் கரை. அதிலிருந்து சொட்டுகிற தண்ணீரை அண்ணாந்து குடிக்கிறது ஓர் எருமை.

என் புத்தி போன போக்கைச் சொல்ல வேண்டும். முதலில், இவ்வளவு எடையை இந்தக் கொடி தாங்குமா என்று யோசித்தேன். பிறகு கொடி கட்டியிருந்த இரண்டு கம்பங்களையும் பார்த்து, அஸ்திவாரம் போதாது என்று முடிவு செய்தேன். அதன் பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்துவிட்டேன்.

ஓரத்தில் நாற்காலி போட்டு எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். என் வயதுதான் இருக்கும். படம் அவள் வரைந்ததாம்.

"தப்பா நினைக்காதீங்க. இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்றேன்.

"அர்த்தமெல்லாம் தெரியலைங்க. மழை விட்டதும் எங்க வயலைப் போய்ப் பார்த்தேன். நனைஞ்ச புடவை மாதிரி கிடந்துச்சு. எடுத்துக் காயப்போட்டேன், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு ஊறுகாயைத் தேட ஆரம்பித்துவிட்டாள். நான் அந்தப் படத்தின் முன்னாலேயே நின்றேன். பிரிண்ட் கடையில் கரண்ட் வந்து, மறுபடி போய்விட்டதும் எனக்குத் தெரியாது. திரும்பும்போது பஸ் ஜன்னலில் கண்டதெல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று, தலை சீவாமல் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி போனது.

அன்றிலிருந்து எனக்கும் ஒரு படம் வரைய வேண்டும் என்றிருந்தது. தாளில் அல்ல, பெரிதாக. எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் பஞ்சாயத்து மோட்டார் கொட்டகை இருக்கிறது. புதிதாக வெள்ளையடித்து, சுவர் பளிச்சென்று சும்மா இருந்தது. ஊராட்சித் தலைவரை நாங்கள் பிரசிடெண்ட் அக்கா என்போம். அவரிடம் போய்க் கேட்டேன்.

"படம்தானே, வரைஞ்சுக்க. கட்சிக் கொடி கலர்ல மட்டும் எதுவும் வந்துடக் கூடாது" என்றார். அப்படிப் பார்த்தால் பழுப்பைத் தவிர எந்தக் கலரும் மிஞ்சாது என்றேன். சிரித்துவிட்டுச் சரி என்றார்.

என்ன வரைவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. எங்கள் வாய்க்காலுக்குத் தலையும் உண்டு, வாலும் உண்டு. தலைமடைக்காரர் வயலில் தண்ணீர் முதலில் ஏறும். நாங்கள் கடைமடை. முறை வருகிறவரை காத்திருப்போம். வந்து சேர்வதில் பாதி வழியிலேயே தீர்ந்திருக்கும். என் படத்தில் வாய்க்கால் தலைமடையில் படுக்கையை விட்டு எழுந்து, தென்னை மரங்களுக்கு மேலே ஏறி, வளைந்து வளைந்து போய், கடைமடையில் இறங்குகிறது. போகிற வழியில் ஆகாயத்தில் ஒரு வயல். பெண்கள் அதற்குக் கீழே நின்று, பரணில் பாத்திரம் வைப்பதுபோலக் கையைத் தூக்கி நாற்று நடுகிறார்கள்.

வெள்ளை டிஸ்டெம்பரில் சாயம் கலந்து, கொத்தனார்கள் பிடிக்கிற நூலால் கோடு பிடித்து, அந்த வாரம் முழுவதும் வரைந்தேன். அம்மா பம்புசெட் வயல்களில் நடவு வேலைக்குப் போய் வந்த கையோடு எனக்கு ஏணி பிடிப்பார். "என்னடி இது, வாய்க்கா பாம்பாட்டம் படமெடுக்குது" என்று மட்டும் ஒருநாள் சொன்னார்.

படம் முடிந்த அன்று எனக்குக் கை நிற்கவில்லை. கல்லூரிப் பழக்கம். ஓரத்தில் வடக்கு எது என்று அம்புக்குறி போட்டேன். தண்ணீர் போகும் திசைக்கு அம்புக்குறி. வாய்க்காலுக்கு அகலம், ஆழம், தரையிலிருந்து உயரம் பன்னிரண்டு மீட்டர். வலது கீழ் மூலையில் கட்டம் கட்டி, படத்தின் பெயர், அளவு விகிதம், வரைந்தவர் என்று எழுதினேன். அப்போதுதான் எனக்குப் படம் முழுமையானது போலிருந்தது.

அதற்கு முந்தைய வாரம், ரோடு போட அளக்க வந்தவர்கள் முக்காலியில் கருவியை வைத்து எங்கள் வாய்க்கால் கரை முழுக்க நடந்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை நான் மறந்துவிட்டேன். ஊர் மறக்கவில்லை.

மறுநாள் காலை கொட்டகை முன்னால் கூட்டம். தலைமடையில் வயல் வைத்திருப்பவர், உறவில்லை என்றாலும் ஊர்ப் பழக்கத்தில் எனக்கு மாமா, என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

"வாம்மா இன்ஜினீயர். வாய்க்காலை மேல தூக்கிட்டா என் வயலுக்குத் தண்ணி எப்படி வரும்? மழையாவா வரும்?"

"இத்தனை வருஷமா எங்களுக்கு அப்படித்தானே வந்துச்சு" என்றார் என் சித்தி. அவர் வயலும் கடைமடைதான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். விடிந்ததும் முதல் ஆளாக வந்து பார்த்தவர் அவர்தான். திட்டம் பாஸாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னவரும் அவரேதான்.

இன்னொருவர் சுவரை ஒட்டி நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "தூண் எங்கே நடுவாங்க? என் தென்னங்கன்னு மேல கைய வச்சா சும்மா இருக்க மாட்டேன்."

"ஐயோ, இது திட்டம் இல்லை மாமா. படம். கற்பனை."

"கற்பனையா? கற்பனைக்கு எதுக்கும்மா அளவு போட்ட?" என்றார் தலைமடை மாமா.

மூன்று வருடப் படிப்பில் என்னை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

அதற்குள் பிரசிடெண்ட் அக்கா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பின்னாலேயே ஓர் ஆள் சுண்ணாம்பு வாளியும் வெள்ளையடிக்கிற மட்டையும் எடுத்து வந்தார். "மேட்டூர்ல திறந்தாச்சு, தண்ணி வந்துட்டே இருக்கு. இந்த நேரத்துல தலைமடை கடைமடைன்னு சண்டை வேணாம். நல்லாத்தான் வரைஞ்சிருக்க பாப்பா, ஆனா வெள்ளையடிச்சுடலாம்."

மட்டை சுண்ணாம்பில் நனைந்தாயிற்று. அந்த வாரம் முழுக்க நான் இருந்த சந்தோஷத்தை நினைத்தேன். மாமா கேட்ட கேள்வியையும் நினைத்தேன். ஓடிப் போய் வாளியை இழுத்துக்கொண்டேன்.

"அக்கா, படம் இருக்கட்டும். அளவை மட்டும் அழிச்சுடறேன்."

"அழி. பார்த்துட்டுச் சொல்றேன்."

முதலில் கட்டத்தை அழித்தேன். பிறகு வடக்கு. பிறகு அகலம், ஆழம். பன்னிரண்டு மீட்டரை அழிக்கும்போது ஒரு விஷயம் புரிந்தது. அந்த எண்களை நான் பழக்கத்தில் மட்டும் போடவில்லை. எண் இருந்தால் யாரும் இதைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள் என்ற பயத்தில் போட்டிருக்கிறேன். கடைசி அம்புக்குறியும் போன பிறகு பின்னால் வந்து நின்று பார்த்தேன். வாய்க்கால் இப்போதுதான் நிஜமாகப் பறந்தது.

எல்லோரும் முதல்முறையாக அதைப் படமாகப் பார்த்தார்கள்.

சித்திதான் முதலில் கேட்டார், மெதுவாக. "அப்போ தண்ணி வராதா?"

"இல்லை சித்தி. படம்தான்."

சித்தி சுவரில் வாய்க்கால் இறங்குகிற கடைமடையைத் தொட்டுப் பார்த்தார். "படத்துலயாவது நமக்கு முதல்ல வருதே. விடு."

"படத்துல வேணும்னா தாராளமா எடுத்துக்குங்க" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தென்னங்கன்றுக்காரர் மட்டும், தூண் இல்லாமல் அது எப்படி நிற்கிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அம்மா முன்னால் வந்தார். வேலைக்குக் கிளம்பிய கோலம். புடவைக்கு மேல் அப்பாவின் பழைய நீலச் சட்டை. அந்த வாரமெல்லாம் ஏணியைப் பிடித்துக்கொண்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போதுதான் படத்தை முழுதாகப் பார்க்கிறார் போலிருந்தது. ஆகாய வயலைக் காட்டினார்.

"இவங்க குனியவே வேணாமாடி?"

"வேணாம்மா. வயல்தான் மேல இருக்கே."

"நாள் பூரா நட்டாலும் இடுப்பு வலிக்காதா?"

"வலிக்காது."

"அப்படின்னா என்னையும் ஒரு ஓரத்துல போடு."

உடனே சித்தி, "உங்க அம்மாவைப் போட்டா என்னையும் போடணும். கலர் புடவையா போடு" என்றார். நடவுக்குக் கிளம்பிய பெண்கள் ஆளாளுக்கு இடம் பிடித்தார்கள். யார் பக்கத்தில் யார் என்பதில் ஒரு தகராறே வந்தது. "கையைத் தூக்கினா கை வலிக்காதா, அதுக்கு என்ன வழி?" என்று ஒருவர் மடக்கினார். இரண்டு கொக்குகள் வரைந்து நாற்றை எடுத்துக் கொடுக்கச் சொல்கிறேன் என்று சமாளித்தேன்.

பிரசிடெண்ட் அக்கா வாளியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "சரி, இருந்துட்டுப் போகட்டும். ஆனா என்னை மட்டும் அதுல போட்டுடாதே. பிரசிடெண்டே பறக்குறாங்கன்னு எலெக்‌ஷன்ல பேசுவாங்க."

அன்று சாயங்காலம் நீலச் சட்டையைத்தான் முதலில் வரைந்தேன். அம்மா எதிரே நின்று, "முதுகை நல்லா நேரா போடு" என்று ஒரே ஒரு திருத்தம் சொன்னார்.

இப்போதைய நிலை இதுதான். எங்கள் வாய்க்கால் தரையில்தான் ஓடுகிறது, முறையும் பழைய முறைதான். பிராஜெக்ட்டை முடித்துவிட்டேன், எல்லா அளவும் சரியாக இருந்தது. நான் இப்போது வேலை பார்ப்பதும் அளவு போடுகிற வேலைதான். வயலைக் காயப்போட்ட அந்தப் பெண்ணிடம் பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன் என்பதில் மட்டும் வருத்தம். மழையில் சுவரின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் உரிந்துவிட்டது, பொங்கலுக்குப் போய்ச் சரிசெய்தேன். அம்மா நடவுக்குப் போய்க் குனிந்துதான் நட்டு வருகிறார். வரும் வழியில் கொட்டகைப் பக்கம் நின்று, நிமிர்ந்து நிற்கிற தன்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறார். அந்த ஒரு பார்வைக்காகவே நான் பிரசிடெண்ட் அக்காவிடம் இன்னொரு சுவர் கேட்டிருக்கிறேன்.