ஹேர்வைப் பாதையில் ஒரு கதவு

இது நடந்த கதை. நம்பாதவர்கள் டென்மார்க்கில் எங்கள் இக்காஸ்ட் ஊருக்கு வந்து மரியநாயகியக்காவிடமே கேட்கலாம். கேட்டுவிட்டு வீட்டுக்குத் தனியே கார் ஓட்டிக்கொண்டு போவது உங்கள் பாடு. அக்கா கதை கட்டுகிற ஆள் இல்லை. முதியோர் இல்லத்தில் கண்மூடியவர்களைத் துடைத்து உடுப்பு மாற்றுகிற வேலை. "செத்த சனம் எனக்குப் புதுசே?" என்று கேட்கிற மனுசி.

அவருடைய கணவர் டானியல், மூளைக்குள் இரத்தம் கசிந்து, ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தார். கட்டிலடியில் அழுது அலுத்துப்போன அக்கா, மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தார். ஹேர்வை என்கிற பழைய யாத்திரைப் பாதையில் வீபோர்க் நகரத்துப் பெரிய கோவில் வரைக்கும் நடந்தே போவார். டானியல் கண் திறக்க வேண்டும்.

"அது எங்கட சபைக் கோவில் இல்லையே அக்கா?" என்றாள் தங்கை சுஜீவா.

"மாதாவுக்கு எல்லாம் விளங்கும். நீ அத்தானைப் பாத்துக்கொள்."

ஆனி மாதம். படுக்கிற நேரமாகியும் இருட்டாத நாட்கள். நடக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. வயலுக்கு நடுவே ஒரு தங்குமடம் தெரிந்தது. முன்பு மாட்டுத்தொழுவமாக இருந்த கட்டடம். ஆளில்லை. கதவு சும்மா சாத்தியிருந்தது. யாத்திரை போகிறவர்கள் தாங்களே திறந்து தங்கிப் போவது அங்கே வழக்கம்தான். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு அக்கா உள்ளே போனார்.

சில கட்டில்கள். ஒரு மேசை. சுவரில் சட்டம் போட்ட படம் ஒன்று. பச்சைத் தொப்பி போட்ட கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார். படத்தின் கீழே பூக்கள், ஒரு மெழுகுதிரி. சாப்பாட்டு மேசைக்கும் மெழுகுதிரி வைக்கிற நாடுதான் இது. ஆனாலும் படத்தையும் பூவையும் சேர்த்துக் கண்டால் நம் சனத்துக்கு ஒரே அர்த்தம்தானே!

"பாவம், மனுசன் போய்ச் சேந்திட்டார்."

மெழுகுதிரியைக் கொளுத்தினார். செத்தவர்களுக்கான செபத்தை முழுதாகச் சொன்னார். ஆத்துமாக்களிடம் உதவி கேட்பதும் நம்மவர் பழக்கம். அதையும் விடவில்லை.

"ஐயா, போற இடத்தில என்ர மனுசனுக்காகவும் ஒருக்கால் கதையுங்கோ."

டானியலின் பெயரைச் சொல்லவில்லை. அதில் அக்கா உறுதியாக நிற்கிறார்.

டக்...

கதவு. காற்றாக்கும் என்று நினைத்துப் போய்க் கைபிடியை அழுத்தினார். கைபிடி இறங்கியது. கதவு அசையவில்லை. பூட்டே இல்லாத கதவு அது.

யன்னல் நாலு விரலுக்கு மேல் திறக்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. வெளியே நல்ல வெளிச்சம், மாடுகள் மேய்ந்தன. கத்திக் கூப்பிட்டார். ஒரு மாடும் நிமிரவில்லை. மழை கண்ணாடியில் அடித்தது. ஆனால் சத்தமே இல்லை.

கிர்ர்ர்...

பின்னால் ஒரு கட்டில் மெத்தை அமுங்கியது.

நிலத்தில் ஈரக் கால்தடம். வெறுங்கால். படத்தடியிலிருந்து கட்டில் வரைக்கும்.

டெனிஷில் ஒரு கிழட்டுக் குரல். "நான் ஏன் இங்க நிக்கிறன்?"

அக்கா திரும்பக் கைபிடியைப் பிடித்தார்.

"கதவைத் திற. எனக்கு வீட்ட போகவேணும்."

"எனக்கும் திறக்குதில்லை, ஐயா..."

மூச்சு கிட்ட வந்தது. கைபிடியில், அக்காவின் கைக்கு மேல், இன்னொரு கை. குளிர். இரண்டு பேருமாக இழுத்தார்கள்.

அசையவில்லை.

ஓடிப்போய் மெழுகுதிரியை ஊதினார்.

அணையவில்லை.

திரும்ப ஊதினார்...

"மாதாவே! ஆரெண்டாலும் வந்து திறவுங்கோ!"

வெளியே காலடி.

கைபிடி தானாக இறங்கியது.

கதவு திறந்தது. வாசலில் ஒருவரும் இல்லை.

பையை விட்டார், சப்பாத்தை விட்டார், தார் வீதி வரைக்கும் ஓடினார். அங்கே போன் அடித்தது. சுஜீவா.

"அக்கா... அத்தான் எங்களை விட்டுட்டுப் போட்டார். இப்பத்தான்..."

அடக்கம் முடிந்த பிறகு அக்கா பையை எடுக்கப் போனார். தங்குமடத்துக்குப் பக்கத்து வீட்டு வாசலில் ஒருவர் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். பச்சைத் தொப்பி. உயிரோடு!

அவருடைய மனைவி விளக்கினாள். அது அவருடைய பிறந்தநாளுக்கு மாட்டின படமாம். அக்கா உள்ளே நின்ற அதே பின்னேரம் மழைக்குள் விழுந்துவிட்டார். இதயம் நின்றேவிட்டது. அம்புலன்ஸில்தான் திரும்ப அடிக்கத் தொடங்கியதாம்.

கிழவர் அக்காவையே பார்த்தார்.

"நீயும் உள்ளுக்கு நிண்டனி."

அக்கா தலையாட்டினார்.

"திறந்துவிட்ட மனுசன் டானியல் எண்டு பேர் சொன்னவர். நாங்கள் வெளிய வர, அவர் உள்ளுக்குப் போனவர்."

அன்று முதல் அந்தக் கதவை ஒருவராலும் திறக்க முடியவில்லை என்றாள் மனைவி. தச்சனும் வந்து பார்த்துவிட்டுப் போனானாம்.

அக்கா போய்க் கதவில் காதை வைத்தார்.

"நாயகி..." என்றது உள்ளே. "கதவு திறக்குதில்லையடி."