தூக்காத கை

காலை 6.10. மதுரைப் பேருந்து என்னை வடசேரியில் இறக்கிவிட்டது. டீ பதினைந்து ரூபாய், ஏத்தம்பழ பஜ்ஜி பன்னிரண்டு. இரண்டுமே நன்றாக இருந்தன. இந்தப் பயணத்தில் நான் நன்றாக இருந்தது என்று எழுதப்போவது அநேகமாக அது மட்டும்தான்.

வந்தது ஒரு கல்யாணத்துக்கு. செல்லப்பன் மயிலாடிப் பட்டறையில் கல் கொத்துபவர். அப்பாவின் கல்லறைக்குப் பெயர்க்கல் செய்யப் போனபோது பழக்கம். மகள் கல்யாணத்துக்கு அழைத்தவர் போனில் சொன்னார்: “ஊர்ல இருந்து ஒருத்தரும் வரமாட்டாவ அண்ணாச்சி. நீங்களாவது வாங்க.” ஏன் என்றேன். “போன்ல வேண்டாம்” என்று வைத்துவிட்டார்.

7.40. மயிலாடி. அங்கிருந்து அவர் ஊருக்கு நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அடி எனக்கு விழாது, செல்லப்பனுக்கு விழும்.

“கல்லடிக்க செல்லப்பன் வீடா?” டிரைவர் வண்டியை மெதுவாக்கினார். “ஆர்ச்சு வரைக்கும் விடுதேன். உள்ள வரமாட்டேன், கேட்டியளா.”

“ஏன், ரோடு சரியில்லையா?”

“ரோடு சூப்பரு. அதப் பாத்துக்கிட ஆர்ச்சுல கேமரா இருக்கு.”

ஊர் நுழைவு வளைவில் ஊர்க் கமிட்டித் தலைவரின் படம், இரண்டு ஆள் உயரத்தில். பக்கத்தில் கேமரா, மேலே ஒலிபெருக்கி. உள்ளே நடந்தேன். ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் அதே முகம் ஸ்டிக்கராகச் சிரித்தது. ஒரு வீட்டுக் கதவில் மட்டும் இல்லை. அதுதான் கல்யாண வீடு.

8.15. பந்தலில் இருநூறு நாற்காலிகள். உட்கார்ந்திருந்தது ஆறு பேர், எல்லாரும் வெளியூர். செல்லப்பன் என்னை ஓரமாக அழைத்துப் போய் நடந்ததைச் சொன்னார்.

போன வருடம் ஊர்க்கூட்டத்தில் தலைவர், இனி தேர்தல் வேண்டாம், ஆயுள் முழுக்கத் தானே தலைவர் என்று தீர்மானம் வைத்தார். சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கச் சொன்னார். ஊரே தூக்கியது. செல்லப்பன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கை மட்டும் மடியிலேயே இருந்தது.

“கல்லடிச்சு தோளு பிடிச்சிட்டுன்னு சொல்லுலே, விட்டுருதோம்னாவ. நான் ஏன் பொய் சொல்லணும்? அன்னைக்குக் காலையில இந்தக் கையாலதான் நந்திக்கு கொம்பு கொத்துனேன்.”

அதற்குத்தான் ஊர்விலக்கு. கடையில் சாமான் கிடையாது. பக்கத்து வீட்டில் பேச்சு கிடையாது. கல்யாணத்துக்குப் போகிறவனுக்கும் இதே கதிதான் என்று மூன்று நாளாக மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

“போலீசுக்குப் போனீங்களா?”

“மொதல்ல புள்ள கழுத்துல தாலி ஏறட்டும் அண்ணாச்சி.”

என் மகளின் பாடப் புத்தகத்தில் எதேச்சதிகாரம், முற்றதிகாரம் என்று இரண்டு ஆட்சிகள் உண்டு. வித்தியாசம் கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் காலி நாற்காலிகளுக்கு நடுவில் தெரிந்தது. எதேச்சதிகாரிக்கு நீ வாயை மூடிக்கொண்டால் போதும். செல்லப்பன் மூடித்தான் இருந்தார். முற்றதிகாரிக்கு அது போதாது. உன் கை மேலே போக வேண்டும், உன் கதவில் அவன் முகம் இருக்க வேண்டும், நீ யார் வீட்டில் சாப்பிடுகிறாய் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். காவல் காக்க உன் பக்கத்து வீட்டுக்காரனையே வைப்பான். இதெல்லாம் சின்ன ஊர் விவகாரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நாடாக இருந்தால் ராணுவம், சிறை என்று செலவு அதிகம். இங்கே ஒரு மைக்கில் காரியம் முடிந்துவிடுகிறது.

10.45. மார்த்தாண்டத்தில் இருந்து வேனில் வந்த மாப்பிள்ளை தாலியை எடுத்தார். அந்த நேரத்தில் பெண் வீட்டுப் பெண்கள் குரவை போட வேண்டும். அது இல்லாமல் இங்கே கல்யாணம் கல்யாணமாகாது. பெண் வீட்டுப் பெண் என்று இருந்தது மணமகளின் அம்மா தங்கம் ஒருவர்தான். நாக்கைச் சுழற்றி ஆரம்பித்தார். பாதியில் குரல் உடைந்து நின்றுவிட்டது.

அப்போது இடப்பக்கத்து வீட்டில், சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் இருந்து ஒரு குரவை எழுந்தது. பிறகு எதிர் வீடு. பிறகு பின் தெரு. ஒரு கதவும் திறக்கவில்லை, ஒரு முகமும் தெரியவில்லை. நாலாபுறமும் குரவை. தங்கம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு பெண்ணை வாழ்த்த ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டுமா?

11.20. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒலிபெருக்கி கரகரத்தது. “தாலி கட்டும்போ குரவை போட்ட வீட்டுக்காரங்க சாயங்காலத்துக்குள்ள கமிட்டி ஆபீசுக்கு வரணும். வரலன்னா ஊர்விலக்கு.”

பரிமாறிக்கொண்டிருந்த செல்லப்பன் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். காலையிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

“எல்லா வீட்டையும் விலக்கிட்டா, தலைவருக்கு ஊர் எங்க அண்ணாச்சி இருக்கும்?”

மதியம் 1.30. வளைவைத் தாண்டும்போது கேமராவை நேராகப் பார்த்துவிட்டு வந்தேன். வடசேரியில் மதுரைப் பேருந்து கிளம்பும்வரை எங்கள் ஊர் எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆரல்வாய்மொழி தாண்டும்போதுதான் ஞாபகம் வந்தது. போன மாதம் எங்கள் தெருச் சங்கக் கூட்டத்தில், போனைப் பார்த்துக்கொண்டே, எல்லாரோடும் சேர்ந்து நானும் கை தூக்கினேன். என்ன தீர்மானத்துக்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.